சாளரத்தின் தாழ்: இல்லக் காவல் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

ஓர் இரவில் மதீனாவில் ஒரு வீடு, உள்ளே உறங்கியிருந்த வீட்டாருடன் தீப்பற்றி எரிந்தது. செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு மனிதருக்குப் பகை என்றும், உறங்கச் செல்லுமுன் அதனை அணைத்துவிட வேண்டும் என்றும் அவர்கள் அறிவுறுத்தினார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு நபிமொழியை ஜாபிர் பின் அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்தி சாய்ந்ததும் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுதல், இறைநாமம் கூறிக் கதவுகளை அடைத்தல், தோற்பைகளின் வாயைக் கட்டுதல், பாத்திரங்களை மூடுதல், விளக்குகளை அணைத்தல் எனப் படுக்கைக்கு முந்திய கடமைகளை அது வரிசைப்படுத்துகிறது. விளக்கின் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டார்மேல் தீ மூட்டிவிடக்கூடும் என்ற காரணமும் இவ்வறிவிப்புகளில் காணப்படுகிறது.

இந்த வரிசையைச் சற்று ஊன்றிக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். கதவை அடைப்பது வெளியிலிருந்து வரும் தீங்கைத் தடுப்பதற்கு; விளக்கை அணைப்பது உள்ளிருந்து எழும் தீங்கைத் தடுப்பதற்கு. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டுள்ளன. ஒன்றை மட்டும் எண்ணி மற்றதை மறப்பவனின் இல்லம் பாதிக் காவலில்தான் இருக்கிறது. வீட்டுச் சன்னலுக்கு எத்தகைய தாழும் பூட்டும் பொருந்தும் என்ற கேள்வியை இந்த இருமுனைக் கண்ணோட்டத்தில் வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம். தச்சனிடமும் கடைக்காரரிடமும் விட்டுவிட வேண்டிய அற்பக் கேள்வியாக அது தோன்றலாம். ஆனால் அதற்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். நாம் நாள்தோறும் வழங்கும் ‘சன்னல்’, ‘சாவி’ ஆகிய இரண்டும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. அவற்றுக்கு முன்பே தமிழில் காலதரும் பலகணியும் இருந்தன. தாழும் திறவுகோலும் இருந்தன. காற்று வரும் வழி காலதர். பல கண்களை உடையது பலகணி. ஒரு பெயர் மூச்சைக் குறிக்கிறது, மற்றொன்று பார்வையைக் குறிக்கிறது. சாளரத்தின் பணிகள் இவ்விரண்டே. திருடன் நுழையும் வழி என்ற எண்ணம் அதன் பெயர்களில் எங்கும் இல்லை. அது பின்னர் நேர்ந்த கவலை.

இஸ்லாமியச் சட்ட மரபும் சாளரத்தைப் பார்வையின் வாயிலாகவே முதலில் கண்டது. நபியவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்ததையும், அவர்கள் அதனைக் கடுமையாகக் கண்டித்ததையும் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். பிறர் இல்லத்துள் நுழையுமுன் அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்பது அங்கு உணர்த்தப்பட்ட நெறி. ஆக, வாசற்படியைத் தாண்டும் முன்பே கண் எல்லை மீறிவிட முடியும். பொருளைக் களவாடுவது போலவே அந்தரங்கத்தைக் களவாடுவதும் குற்றம் என்ற கருத்து இதிலிருந்து வேர்விட்டது.

எகிப்து வெற்றிக்குப் பின் எழுந்த ஃபுஸ்தாத் நகரில் இக்கருத்து நடைமுறைச் சோதனைக்கு உள்ளானது. காரிஜா பின் ஹுதாஃபா (ரலி) தம் வீட்டின்மேல் ஒரு மாடியறை கட்டினார்கள். அண்டை வீட்டாரின் அந்தரங்கம் அதனால் வெளிப்படுமோ என்ற ஐயம் எழுந்து, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் செவிக்கு எட்டியது. ஆளுநர் அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) அவர்களுக்கு உமர் (ரலி) எழுதிய கட்டளை குறிப்பிடத்தக்கது. அந்த அறையில் ஒரு கட்டிலை இட்டு, நெட்டையும் குட்டையுமல்லாத ஒரு மனிதரை அதன்மேல் நிற்கச் செய்ய வேண்டும். அவர் சாளரத்தின் வழியே வெளியே பார்க்க முடிந்தால் அந்த அறை இருக்கலாகாது. சோதித்துப் பார்த்தபோது அம்மனிதரின் பார்வை சாளரத்தை எட்டவில்லை. எனவே அறை அப்படியே விடப்பட்டது. இப்னு அப்தில் ஹகம் தம் எகிப்து வெற்றி வரலாற்றில் பாதுகாத்துத் தந்த செய்தி இது. யூகத்தின் பேரில் தீர்ப்புச் சொல்லாமல், அளந்து பார்த்து முடிவு செய்த அந்த முறையை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பிற்காலச் சட்ட அறிஞர்களும் கொத்தர்களும் இவ்வழியைப் பின்தொடர்ந்தனர். அந்தலூசியாவின் துதேலா நகரைச் சேர்ந்த ஈஸா பின் மூஸா, பத்தாம் நூற்றாண்டில் சுவர்களைப் பற்றியே ஒரு சட்ட நூல் இயற்றினார். பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரின் இப்னுர் ராமீ கட்டடச் சட்டங்களைத் தொகுத்தார். அவர் தொழிலால் கொத்தர். காழிகளுக்குக் கட்டட வல்லுநராகத் துணை நின்றவர். உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பும் இதனை விடவில்லை. அடுக்களை, கிணற்றடி, முற்றம் போன்று பெண்கள் புழங்கும் இடங்கள் அடுத்த வீட்டுச் சன்னலிலிருந்து தெரியுமானால், அதனைப் பெருந்தீங்காகக் கருதி நீக்க வேண்டும் என்று அது விதித்தது. ஆள் உயரத்துக்கு மேலிருக்கும் சன்னலையோ, ஏணி வைத்துப் பார்க்கக்கூடும் என்ற சந்தேகத்தால் மட்டும் அடைக்கச் சொல்ல முடியாது என்றும் கூறியது. காற்றும் ஒளியும் பெறும் உரிமைக்கும் அண்டை வீட்டாரின் மானத்துக்கும் இடையே அமைந்த சமநிலை இது.

உயரத்தால் தீராத இடத்தில் மரவேலை உதவிக்கு வந்தது. கெய்ரோவின் மஷ்ரபிய்யாக்களும் ஜித்தாவின் ரோஷன்களும் இதன் உன்னத வடிவங்கள். கடைந்த சிறு மரத்துண்டுகளை ஆணியின்றிப் பொருத்தி அமைத்த பின்னல், காற்றை உள்ளே விடும். பார்வையை வெளியே நிறுத்தும். குடிநீர் மண்கூசாக்களை அங்கே காற்றில் குளிர வைத்த வழக்கத்திலிருந்தே மஷ்ரபிய்யா என்ற பெயர் பிறந்தது என்பர். ஜித்தாவின் பழைய வீடுகளில் இவற்றைச் செய்யக் கடல் கடந்து வந்த தேக்கு பயன்பட்டது. 2014இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த அந்நகரின் முகத்தோற்றமே இச்சாளரங்கள்தாம்.

அப்படியானால் திருடனுக்கு எதிரான காவல் எங்கே இருந்தது? 1836இல் வெளியான தம் நூலில் எட்வர்ட் வில்லியம் லேன் கெய்ரோ மக்களின் வாழ்வை நுணுக்கமாகப் பதிவு செய்தார். வீட்டு வாயிலில் இருந்த மரப்பூட்டை அவர் விவரிக்கிறார். மரத்தாலான தாழின் துளைகளில் சிறு ஊசிகள் மேலிருந்து விழுந்து அதனைப் பிடித்துக்கொள்ளும். அதே அமைப்பில் ஊசிகள் பதித்த மரத் திறவுகோல் அவற்றை மேலே தள்ளினால் தாழ் விடுபடும். இப்பூட்டைக் கள்ளத்தனமாகத் திறப்பது கடினமன்று என்றும் அவர் ஒளிவின்றி எழுதினார். எனினும் அந்நகரம் நிம்மதியாக உறங்கியது. காரணம், ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் அதன் முனையில் ஒரு பெருங்கதவு இருந்தது. இரவில் அது அடைக்கப்பட்டது. காவலர் ஒருவர் அங்கே இருந்தார். ஒருவரை ஒருவர் அறிந்த மக்கள் அதற்குள் வாழ்ந்தனர். உயரம், பின்னல், தெருக்கதவு, அண்டை வீட்டார் என்ற நான்கு அரண்களுக்கும் பின்னால்தான் வீட்டுத் தாழ் நின்றது. அது வலிமையற்றதாக இருந்தும் போதுமானதாயிற்று.

வலிய பூட்டுச் செய்யும் திறன் அந்நாகரிகத்தில் இல்லாமற் போகவில்லை. ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1200-01) இஸ்ஃபஹானைச் சேர்ந்த முஹம்மத் பின் ஹாமித் என்னும் வானியற்கருவிக் கலைஞர் செய்த பித்தளைப் பேழை ஒன்று இன்று கோபன்ஹேகனின் டேவிட் காட்சியகத்தில் உள்ளது. அதன் மூடியில் நான்கு சுழல்வட்டுகள். குறித்த எழுத்துகளுக்கு நேராக அவற்றைத் திருப்பினாலன்றி அது திறவாது. தியார்பக்கிரில் அர்துகீ மன்னர்களுக்குப் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206இல் நிறைவு செய்த தம் பொறியியல் நூலில் இத்தகைய எழுத்துப் பூட்டையும், ஒரே கதவின் பின்புறம் நான்கு தாழ்களைக் கொண்ட பூட்டையும் விளக்கினார். ஆனால் எழுத்துப் பூட்டுகள் பொருட்பேழைகளுக்காக அமைந்தவை. பேழைக்குள் மனிதர் உறங்குவதில்லை; வீட்டுக்குள் உறங்குகின்றனர். பேழைக்கு ஏற்ற பூட்டு அறைக்கு ஏற்றதாகாது என்ற வேறுபாடு பின்னாளில் மறக்கப்பட்டது. அதன் விலை மிகப் பெரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு, பூட்டின் வலிமையை ஒரு போட்டியாகவே மாற்றியது. லண்டனில் ஜோசப் பிராமா நிறுவிய கடையின் முகப்புச் சன்னலில் ஒரு பூட்டு நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது; அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறைகூவலும் உடனிருந்தது. 1851இல் பெரும் பொருட்காட்சிக்காக லண்டன் வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரெட் சார்லஸ் ஹாப்ஸ், 16 நாள்களில் பரவிய 51 மணிநேர உழைப்பால் அதைத் திறந்து காட்டினார். அதற்கு முன்பே புகழ்பெற்ற சப் பூட்டையும் அவர் திறந்திருந்தார். மனிதன் செய்த எந்தப் பூட்டும் மனிதனால் திறக்கப்படும் என்பது அன்று உறுதியாயிற்று. இதன்பின் 1860களில் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற உருளைப் பூட்டே இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அதற்குள் இருப்பது, கெய்ரோவின் மரப்பூட்டில் இருந்த அதே விழும் ஊசிகளின் தத்துவந்தான். மரம் உலோகமாயிற்று, பருமை நுண்மையாயிற்று.

நம் நாட்டில் அலிகரும் திண்டுக்கல்லும் பூட்டுக்குப் பெயர் பெற்றன. திண்டுக்கல்லிலும் நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி முதலிய அதன் சுற்றூர்களிலும் கைவினைஞர்கள் நெம்புதகடுகளை அரத்தால் ராவி ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி பொருத்தினர். மாங்காய்ப் பூட்டு அவர்களின் அடையாளச் சின்னம். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இயந்திர உற்பத்தியால் தொழில் நலிந்து, கைத்திறன் கொண்டோர் அருகிவந்த பிறகு கிடைத்த மரியாதை அது.

ஆனால் இப்பூட்டுகள் வாயிலுக்கும் கிட்டங்கிக்கும் பெட்டிக்கும் உரியவை. தமிழகத்துப் பழைய வீடுகளில் சன்னலைக் காத்தவை கம்பிகள். கனத்த மரச்சட்டத்தில் நெட்டுக்குத்தாக இறங்கிய இரும்புக் கம்பிகளே திருடனைத் தடுத்தன. மரக்கதவில் இருந்த கொக்கியும் கொண்டியும் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் பிடிப்பதற்கு மட்டுமே. வீட்டு வாசல் பெரும்பாலும் திறந்தே கிடந்தது. திண்ணையில் யாராவது இருந்தனர். இன்றோ பெருங்கண்ணாடிச் சன்னல்கள் வந்துவிட்டன, சில வீடுகளில் கம்பிகள் போயின, திண்ணைகள் போயின, எதிர் வீட்டாரின் பெயரும் நமக்குத் தெரிவதில்லை. முன்னோர் நான்கு அரண்களில் பகிர்ந்து வைத்த சுமையை நாம் ஓர் அங்குலத் தாழின்மேல் ஏற்றிவிட்டோம். அது தாங்குமா என்ற அச்சத்தில் மேலும் மேலும் பூட்டுகிறோம்.

அச்சத்தால் பூட்டியதன் விளைவை வரலாறு கண்டிருக்கிறது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோ நகரின் இரோக்குவாய் நாடக அரங்கில் தீப்பற்றியது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாயில்கள் சில பூட்டப்பட்டிருந்தன. வேறு சிலவற்றில் மக்கள் பழகியிராத புதுவகைத் தாழ்கள் இருந்தன. கைக்கெட்டும் தொலைவில் கதவு இருந்தும் அதைத் திறக்கும் விதம் தெரியவில்லை. இக்கொடுமையின் எதிரொலியாகவே, உள்ளிருந்து உடலால் தள்ளிய மாத்திரத்தில் திறந்துகொள்ளும் குறுக்குச்சட்டத் தாழ் உருவாகி 1908இல் விற்பனைக்கு வந்தது. வெளியிலிருந்து பூட்டு, உள்ளிருந்து வழி என்ற கருத்து அங்கே இரும்பில் வடிவம் பெற்றது.

தொலைதூர நகரொன்றைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் நம் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரைத் தங்க வைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றி 28 பேர் உயிரிழந்தனர். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். நலம் வேண்டி உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். ஓடிவிடக்கூடாது என்ற ஒரே கவலையில் பூட்டியவர், தீ வந்தால் என்னாகும் என்பதை எண்ணவில்லை. நபிமொழி ஒரே வரிசையில் வைத்த இரண்டு கவலைகளில் ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். தர்காவின் பெயரைச் சொல்லி நாடெங்குமிருந்து மக்கள் நாடிவந்த ஓரூரில் இது நேர்ந்தது என்பதை நம் சமுதாயம் மறக்கலாகாது.

இவ்வரலாற்றின் வெளிச்சத்தில் நம் வீட்டுச் சன்னலுக்குத் திரும்புவோம். முதலாவது, உமர் (ரலி) கட்டிலிட்டு அளந்தது போல, ஒவ்வொரு சன்னலையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும். தரையிலிருந்து எட்டக்கூடியதா, அருகில் மதிலோ மழைநீர்க் குழாயோ மரக்கிளையோ உண்டா, கூரை வழியாக அடைய முடியுமா என்று நோக்க வேண்டும். எட்டாத உயரத்துச் சிறு சன்னலுக்கு எளிய தாழ் போதும். கீழ்த்தளத்துச் சன்னலுக்கும் மொட்டைமாடியை ஒட்டிய சன்னலுக்குமே வலிய பூட்டுத் தேவை.

இரண்டாவது, சன்னல் திறக்கும் முறையே பூட்டின் வகையைத் தீர்மானிக்கிறது. கீலில் திறக்கும் மரக்கதவுக்கு மேலும் கீழும் சட்டத்துக்குள் ஆழமாக இறங்கும் தாழ்ப்பாள்கள் நல்லவை. நடுவில் உள்ள ஒற்றைக் கொக்கி காற்றுக்கு மட்டுமே ஈடுகொடுக்கும். கீல் வெளிப்புறம் இருந்தால் அதன் ஊசியை உருவி எடுக்க முடியாதபடி அமைத்திருக்க வேண்டும். தண்டவாளத்தில் சறுக்கும் அலுமினியச் சன்னலில், கதவைத் தூக்கிக் கழற்றுவதே திருடர் கையாளும் எளிய வழி. ஆகவே பிறைவடிவக் கொண்டியோடு, கதவு மேலெழாதபடி தடுக்கும் அமைப்பும் வேண்டும். யுபிவிசி சன்னல்களில் ஒரே கைப்பிடியைத் திருப்பினால் பல இடங்களில் பூட்டிக்கொள்ளும் வகை கிடைக்கிறது. எவ்வகையாயினும், உளுத்த சட்டத்தில் குட்டைத் திருகாணியால் பொருத்திய விலையுயர்ந்த பூட்டைவிட, உறுதியான சட்டத்தில் நீண்ட திருகாணியால் பொருத்திய எளிய தாழ் மேலானது.

மூன்றாவதும் முதன்மையானதும் உள்ளிருப்போரின் உயிர். உறங்கும் அறை ஒவ்வொன்றிலும் வெளியேறத்தக்க ஒரு சன்னலாவது இருக்க வேண்டும். அதில் நிலையான கம்பிக்கு மாறாக, உள்ளிருந்து திறக்கக்கூடிய கம்பிக்கதவு பொருத்த வேண்டும். அதற்குச் சாவி தேவையெனில், வெளியிலிருந்து கைவிட்டு எடுக்க முடியாததும், வீட்டார் அனைவரும் இருட்டில் தடவி எடுக்கக்கூடியதுமான ஓரிடத்தில் அது நிலையாகத் தொங்க வேண்டும். குடும்பத் தலைவரின் சட்டைப்பையிலோ தலையணைக்கு அடியிலோ இருக்கும் சாவி, அவர் இல்லாத இரவில் யாருக்கும் பயன்படாது. வீட்டிலுள்ள முதியவளும் பத்து வயதுச் சிறுவனும் அத்தாழைத் தாமே திறக்கிறார்களா என்று பகலில் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது கடமை. மாடியில் தவழும் குழந்தை இருந்தால், சன்னல் ஓரளவுக்கு மேல் திறவாதபடி தடுக்கும் கொக்கி வேண்டும். அதையும் பெரியவர்கள் கருவியின்றி விடுவிக்க முடிய வேண்டும்.

நம் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற திறவுகோலை நினைவுகூர்ந்து முடிப்போம். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து பெறப்பட்டது. அந்தப் பொறுப்பைத் தங்களுக்குத் தருமாறு நபியவர்களின் நெருங்கிய உறவினரே விரும்பினர். ஆனால் நபியவர்கள் உஸ்மானை அழைத்துச் சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கக் கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை விரிவுரையாளர் பலர் இந்நிகழ்ச்சியோடு இணைத்துப் பேசுகின்றனர். ஷைபா குடும்பத்தாரே இன்றளவும் அச்சாவியைக் காத்து வருகின்றனர்.

சாவி ஓர் அமானிதம் என்பதே இதில் நாம் கற்கும் பாடம். அது யாருக்கு உரியதோ அவர் கையில் இருக்க வேண்டும். வீட்டுச் சன்னலின் சாவி, அந்தச் சன்னலுக்குப் பின்னால் உறங்கும் ஒவ்வோர் உயிருக்கும் உரியது. பூட்டு வாங்கப் புறப்படுமுன், இது எவரை வெளியே நிறுத்தும் என்று கேட்பது போலவே, எவரை உள்ளே அடைத்துவிடும் என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.